தேய்ப்புக்கடை அண்ணாச்சிக்கும், மற்ற எல்லாருக்கும்

அன்புள்ளவர்களே,

பொங்கல் கழிந்து மூன்று நாள் ஆகிறது. ஹாலில் வெள்ளச் சேற்று வாடை இன்னும் போகவில்லை. பினாயில், சாம்பிராணி, வேப்பிலைப் புகை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஆனால் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் வரிசையாக உட்கார வைத்துத் தலையை எண்ணினேன். 38 பேர். நம்பாமல் இன்னொரு தடவையும் எண்ணினேன். அந்தக் கையோடு எழுத உட்கார்ந்ததுதான் இந்த மடல்.

2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளத்தில் என்ன நடந்தது என்று ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வெளியூரில் இருப்பவர்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்பது இப்போது இங்கே சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். அதை விட்டுவிடுகிறேன்.

புதிதாகக் கை கொடுத்தவர்களுக்காக எங்களைப் பற்றி நாலு வரி. வாடகை ஹால் ஒன்று, டிரஸ்டிகள் மூன்று பேர் (தபால் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்ற நான், ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு நர்ஸ்), சாயங்கால வகுப்பு, ஒரு கிண்ணம் சுண்டல். புத்தகம், சீருடை, சைக்கிள், பஸ் பாஸ், மதியச் சாப்பாடு எல்லாம் அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. அதற்கு நடுவே விழுகிற சந்துகளை அடைப்பதுதான் எங்கள் வேலை. ரெக்கார்டு நோட்டு வாங்குவது, மூக்குக்கண்ணாடி போட்டுவிடுவது, கவுன்சலிங் போக வழிச்செலவு கொடுப்பது, மனு எழுதுவது. மனு எழுதுவதுதான் பாதி வேலை. 38 பேரில் 11 பேருக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆச்சி வீட்டிலும் சித்தி வீட்டிலும் வளர்கிற பிள்ளைகள்.

அப்பா இருக்கிற பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் தொலைந்தால் அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைவார். எழுபது வயது ஆச்சி எங்கே அலைவாள்? ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு உதவும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வாங்க அப்பா அம்மா இறப்புச் சான்றிதழ் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், பள்ளிக்கூடத்துச் சான்று வேண்டும். கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர, ஆறாவதில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று காட்ட வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அதே கதைதான். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தோம்.

கீழ்த்தட்டில். மேல்தட்டில் கபடிக் கோப்பைகள் இருந்தன. இதை எழுதும்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

நாலாம் நாள் பீரோவைத் திறந்தபோது ஃபைல்கள் உளுந்தங்களி மாதிரி இருந்தன. லேமினேட் செய்தால் பத்திரம் என்று சிலதைச் செய்து வைத்திருந்தோம். ஓரம் வழியாகத் தண்ணீர் புகுந்து அவைதான் முதலில் போயின. பால்பாயிண்டில் எழுதியது நின்றது. மைப்பேனாவில் எழுதியது கரைந்தது. ரப்பர் ஸ்டாம்ப் ஊதா மையாகப் பரவிக் கிடந்தது. முப்பது வருஷம் முத்திரை குத்திய கை என்னுடையது. அந்த ஊதாவைப் பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

மொட்டைமாடியில் வெயிலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. அப்போதுதான் தெருமுக்குத் தேய்ப்புக்கடை அண்ணாச்சி படியேறி வந்தார். வந்தது வேறு வேலையாக. எங்கள் பையன் ஒருவனின் சீருடைச் சட்டை அவர் கடையில் கிடந்ததாம், அலசிக் கொண்டுவந்திருந்தார். அவர் தள்ளுவண்டி வாழைத்தோட்டத்தில் தலைகீழாகக் கிடந்தது. வாடிக்கைக்காரர்களின் துணி போன கணக்கு வேறு அவர் தலையில். அந்த நிலைமையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டையை நினைவு வைத்து எடுத்து வந்த மனுஷன், என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யக்கா, வெயில்ல போடாதீங்க. சுருண்டு ஒடிஞ்சிரும். நான் வாரேன், இருங்க."

ஒரு மணி நேரத்தில் இஸ்திரிப் பெட்டியோடு வந்தார். ஊரில் கரண்ட் கிடையாது. கரிப்பெட்டிக்குக் கரண்ட் எதற்கு? அவருடைய கரி மூட்டை நனைந்துபோயிருந்தது. யாரோ வீட்டுப் பரணில் இருந்து சிரட்டைக்கரி வாங்கி வந்திருந்தார். டீக்கடை மாடியில் நனையாமல் கிடந்த பழைய பேப்பர் கட்டுகளைப் பையன்கள் தூக்கி வந்தார்கள். முதலில் சேற்றை நல்ல தண்ணீரில் பஞ்சால் ஒத்தி எடுத்தார். பிறகு அடியில் நாலு பேப்பர், மேலே நாலு பேப்பர், நடுவில் சான்றிதழ். பெட்டியை இழுக்கவில்லை. "துணிக்குத்தான் இழுப்பு. இதுக்கு ஒத்தடம்." வைப்பார், எடுப்பார், வைப்பார், எடுப்பார். அடிப்பேப்பர் ஈரமானால் மாற்றுவார். ஒரு தாளுக்கு ஏழெட்டுத் தடவை. ஒட்டிக்கொண்ட தாள்களைக் கையால் பிரிக்க விடமாட்டார். லேசாகச் சூடு காட்டி, ஆவி கிளம்பும் நேரம் பார்த்து, ஓரத்தில் ஊதுவார். அது தானே விடும்.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. காலையில் தன் வீட்டுச் சேற்றை வாரிவிட்டு மதியத்துக்கு மேல் எங்கள் மாடிக்கு வருவார்.

யார் தாள் யாருடையது என்று கலந்துவிடுமே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறி. ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, ஒரு கோடும் புள்ளியும், பெருக்கல் குறி என்று 38 குறிகளைத் துணிக்கிழிசலில் போட்டு, கட்டுக்கட்டாகக் கட்டி வைத்தார். வெள்ளாவித் துணிக்கு அவர் அப்பா சேங்கொட்டை மையால் போட்டுவந்த குறிகள் அவை. ஒரு தாள்கூட மாறவில்லை. எங்கள் ஃபைல் நம்பரைவிட அது ஒழுங்கு, ஒத்துக்கொள்கிறேன். இப்போது பிள்ளைகள் எல்லாரும் நோட்டு அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் தங்கள் குறியைப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு பொருளைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணின் காகிதக் கட்டுக்குள் மூன்றாம் வகுப்பு ரேங்க் கார்டு ஒன்று இருந்தது. எந்தத் திட்டத்துக்கும் அது வேண்டியதில்லை. அதைக் கேட்டு எந்த ஆபீசிலும் யாரும் மனு வாங்கப்போவதில்லை. ஆனால் அதில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று இடத்தில் அவள் அப்பா கையெழுத்து இருக்கிறது. அவர் எழுதியதாக அவளிடம் இருப்பது அந்த மூன்று கையெழுத்துதான். மார்க் ஷீட்டுக்கு டூப்ளிகேட் உண்டு. சாதிச் சான்றிதழுக்கு உண்டு.

அண்ணாச்சிக்கு இதை யார் சொன்னார்களோ தெரியாது, நான் சொல்லவில்லை. கார்டை வாங்கி ரெண்டு பக்கமும் பார்த்தார். கரியைப் பாதி வெளியே தட்டினார். பெட்டி ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். முழங்கையில் வைத்துச் சூடு பார்த்தார். இதற்குப் பேப்பர் வேண்டாம், அச்சு மை ஏறிவிடும் என்று, தோளில் கிடந்த வெளுத்த துண்டை மடித்து அடியில் போட்டார். ஒத்தி ஒத்தி எடுத்து முடிக்க அன்றைக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த கட்டுக்காக வெளியே தட்டிய கரிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கார்டில் ஒரு மூலையில் சேற்றுக்கறை இருக்கிறது. மூன்று கையெழுத்தும் இருக்கின்றன.

கூலி கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. சரி, மடலிலாவது பெயர் போடுகிறோம் என்றேன். "பேரைப் போட்டீங்கன்னா ஒம்பது நாளுக்கும் பில்லு அனுப்பிருவேன் பாத்துக்கிடுங்க" என்றார். போடவில்லை அண்ணாச்சி. ஆனால் நம்ம தெருவில் தேய்ப்புக்கடை ஒன்றுதானே இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையும் மறக்கவில்லை. வள்ளத்தோடு வந்த கடற்கரை ஊர் மீனவத் தம்பிகள், மூன்று நாள் சேறு வாரிய கல்லூரிப் பிள்ளைகள், மதுரையில் இருந்து ஜியாமெட்ரி பாக்ஸ் அனுப்பிய அக்காமார், மஸ்கட்டில் இருந்து முதல் சம்பளத்தில் பாதியை அனுப்பிய எங்கள் பழைய மாணவன், முகாமில் எங்கள் மனுக்களை நின்று வாங்கிச் சரிபார்த்த வருவாய்த்துறைத் தங்கச்சி, வாடகை கேட்காத ஹால்காரர், தன் வீடு மூழ்கிக் கிடந்தபோதும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்த கணக்கு சார். வெள்ளத்தில் நடுவழியில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்தவர்களுக்குப் பக்கத்து ஊர் புதுக்குடிக்காரர்கள் பொங்கிப் போட்டதை நாடே பார்த்தது. படம் எடுக்க ஆள் இல்லாத தெருக்களிலும் உலை கொதித்தது. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தச் சோற்றில்தான் இருந்தார்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். லாரியில் பழைய துணி அனுப்பினீர்கள். மனசு புரிகிறது. ஆனால் பொத்தான் இல்லாத சட்டையும் ஒற்றைச் செருப்பும் இங்கே யாருக்கு? அதைப் பிரித்துக் கழிக்கவே எங்களுக்கு ரெண்டு நாள் போயிற்று. இன்னும் சிலர் பொருளைக் கொடுக்குமுன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னதும் மூட்டையோடு திரும்பிப் போனார்கள். அந்த மூட்டையில் போர்வை இருந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இருந்தாலும் இனிமேலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். மூன்று டிரஸ்டிகளும் கையெழுத்துப் போட்டு எழுதி வைத்துவிட்டோம்: பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்பதில்லை. ஃபைல்கள் இனிப் பரணில். எல்லாத் தாளுக்கும் இன்னொரு நகல் திருநெல்வேலியில் என் தங்கை வீட்டில். கோப்பைகள் கீழ்த்தட்டில் கிடக்கட்டும்.

பொங்கலுக்கு முந்தின நாள் பிள்ளைகள் ஒரு வேலை செய்தார்கள். வண்டியை நிமிர்த்தி, புதுப் பலகை அடித்து அண்ணாச்சி கடை திறந்த முதல் நாள் அது. 38 பேரும் ஆளுக்கு ஒரு உடுப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உருப்படிக்குப் பத்து ரூபாய். கறாராக வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார், ஒருத்தருக்கும் தள்ளுபடி இல்லை. எங்கள் நர்ஸ் டிரஸ்டி மட்டும் சில்லறை இல்லை என்று கடன் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 12-இல் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, மார்ச் 1-இல் பொதுத்தேர்வு. எங்கள் பிள்ளைகள் ஆறு பேர் எழுதுகிறார்கள். நாலு பேரின் ரெக்கார்டு நோட்டில் கெமிஸ்ட்ரி பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. வியாழக்கிழமை மதியம் வருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். பழைய பேப்பர் இருப்பவர்கள் ஹாலில் கொண்டுவந்து போடுங்கள். நனையாத பேப்பராக.

நன்றியுடன்,
உங்கள் போஸ்டாபீஸ் அக்கா