தொழில் என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பாலிசி பிடிக்கும் ஏஜென்ட் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். எனக்குப் பேர்ணாம்பட்டு. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோலைச் சீவி மெல்லிசாக்கும் ஷேவிங் மிஷினில் நின்றவர். சித்தப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அவர் கதையைச் சொல்லத்தான் இந்த மடல்.

சித்தப்பா பாலிசி போட்ட அன்று நானும் திண்ணையில் இருந்தேன். ஏஜென்ட்தான் படிவத்தை நிரப்பினார். பெயர், வயது, நாமினி எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். தொழில் என்ற இடம் வந்ததும் கேட்காமலே ‘சிறு வியாபாரம்’ என்று எழுதிவிட்டு, “தோல் ஷாப்னு போட்டா பிரீமியம் ஏறும், மேல இருந்து கேள்வி வரும்” என்றார். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். சித்தப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலப் படிவத்தைப் படித்து விளக்கியதாக ஏஜென்டும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டார்.

பதினாலாவது மாதம் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய சித்தப்பா உயிரோடு ஏறி வரவில்லை. தோலில் முடி எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் போடுவார்கள். அந்தக் கழிவில் ஆசிட் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றம்கூடத் தெரியாது.

சித்தி கிளெய்ம் போட்டார். விசாரணைக்கு வந்தவர் தெருவில் இரண்டு பேரைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, இது வியாபாரி வீடு இல்லை என்று. கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வந்தது. காப்பீட்டுச் சட்டம் 45-ஆவது பிரிவுப்படி 3 வருஷம் தாண்டிய பாலிசியை இப்படிக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் என்றால் படிவத்தில் எழுதியதை வைத்தே மறுக்கலாம். அந்த 3 வருஷத்தை உயிரோடு கடப்போம் என்று சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவர் எந்தத் தைரியத்தில் நம்புவது? 2015 ஜனவரி 31 உங்களுக்கும் நினைவிருக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் போய்விட்டார்கள்.

ஆபத்தான தொழிலுக்கு ஆயிரம் ரூபாய் காப்புத் தொகைக்கு இவ்வளவு என்று கூடுதல் பிரீமியம் போடுவார்கள். போடட்டும். மாதம் எவ்வளவு கூடும் என்று சொல்லுங்கள், கட்டுவதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லவே இல்லை.

அப்புறம் அப்பா விஷயம். மிஷினில் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமரின் சுரக்ஷா பீமா, அது இருந்தது. விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ முழுதாகப் போனால் 1 லட்சம். விரலுக்கு அதில் ஒன்றுமே இல்லை. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ இருந்திருந்தால், ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு என்று அட்டவணையிலேயே இருக்கிறது, மாதா மாதம் ஏதாவது வந்திருக்கும். ஜாப் ஒர்க் ஆள், நிரந்தரத் தொழிலாளி இல்லை என்று அப்பாவின் பெயரை அதில் சேர்க்கவே இல்லை. இப்போது சோற்றை உருட்டும்போது பாதி தட்டிலேயே விழுகிறது. யாராவது பார்த்தால் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்.

விரலுக்கும் சதவீதம் போட்டு, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் பணம் தருகிற தனிநபர் விபத்து பாலிசிகள் இருக்கின்றன. எங்கள் தெருவுக்கு வருகிற யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் இருபது வருஷம் கழித்து வரும் போனஸைத்தான் சொல்கிறார்கள். மிஷினில் நிற்பவருக்கு முதலில் தேவை கைக்குக் காப்பு. தயவுசெய்து அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

என் தம்பி இப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் வேலைக்குப் போகிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாருங்கள், டீ குடித்துவிட்டு நிதானமாகப் பேசலாம். தொழில் என்ற கட்டத்தை மட்டும் அவன் கையாலேயே எழுத விடுங்கள்.

இப்படிக்கு,
பேர்ணாம்பட்டு ஷேவிங் மிஷின்காரர் மகள்