சாகசப் புத்தகம் போடுபவர்களுக்கு: அந்தக் கொள்ளைக்காரனுக்கு என்னதான் வேண்டும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் மேசை விளையாட்டுகளுக்குச் சாகசக் கதைகளை அச்சிட்டு விற்கும் பதிப்பாளர்கள், எழுத்தாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். எங்கள் குழுவில் டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையை நடத்தி எதிரிகளுக்காகவும் பேசுபவனாக, உட்காருபவன் எழுதுகிறேன். சண்டையையும் பேச்சையும் பிளேயர்களின் ஆர்வத்தையும் ஒரே புத்தகத்தில் சரிக்கட்டுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உங்களில் ஒருவர் வெளியிட்ட சாகசம், பெயர் வேண்டாம். குகைக்குள் கொள்ளைக் கூட்டத் தலைவன். எங்கள் குழுவில் பார்டாக (பாணர் கதாபாத்திரம்) ஆடுபவள் வாளை உறையில் போட்டுவிட்டு, "உனக்கு என்ன வேண்டும், சொல். பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றாள். அதுவரை மொபைலை நோண்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். ஆர்மர் கிளாஸ் (அவனை அடிப்பது எவ்வளவு கடினம் என்ற எண்) இருந்தது. ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்) இருந்தது. குகையில் எத்தனை பீப்பாய் என்பதுகூட இருந்தது. அவனைப் பற்றி ஒரே வாக்கியம்: சாகும்வரை சண்டையிடுவான்.

ஏன் ஐயா? பணத்துக்காக வழிப்பறி செய்பவன் எதற்காகச் சாக வேண்டும்? தலையில் கடன், ஊரில் தம்பி என்று அந்த நேரத்துக்கு ஏதோ இட்டுக்கட்டினேன். பேச்சு நன்றாகவே போனது, ஆளை உயிரோடு விட்டுவிட்டார்கள். அப்புறம்தான் வினை. அவன் பிணத்தின் சட்டைப் பையில் கிடைக்கும் கடிதம் இல்லாமல் அடுத்த அத்தியாயம் தொடங்கவே தொடங்காதாம்! பேசி ஜெயித்தவர்களுக்குப் புத்தகம் தரும் பரிசு இது.

நான் கேட்பது சிறியது. சண்டைக்கு நிற்கும் ஒவ்வொருவனுக்கும் என்ன வேண்டும், எப்போது ஓடுவான், எதற்குப் பணிவான் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இது புதுமையும் அல்ல. 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் பெட்டியிலேயே (தொடக்கநிலை விதிகள்) ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 12 வரை ஒரு மன உறுதி எண் உண்டு. இரண்டு பகடை உருட்டி அதைத் தாண்டினால் ஆள் ஓட்டம் பிடிப்பான், அல்லது சரணடைவான். எதிர்ப்பட்டவன் பகையா நட்பா என்பதற்கும் தனியாக ஒரு உருட்டல். அன்று ஒரு கோப்ளினை (குட்டி அரக்கன்) கொன்றால், கதாபாத்திரம் வளரத் தேவையான அனுபவப் புள்ளி 5 மட்டும்தான். வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி. 200 காசு உள்ள பையைச் சத்தமில்லாமல் தூக்கி வருபவன்தான் புத்திசாலி. அதனால் ஏய்ப்பதும், பேரம் பேசுவதும், ஓடுவதும் தானாகவே நடந்தன. 2014 பதிப்பில் அதே கோப்ளினுக்கு 50 புள்ளி, தங்கத்துக்கு ஒன்றும் இல்லை. எதற்குப் புள்ளியோ அதைத்தானே பிளேயர்கள் செய்வார்கள்? அந்தப் பதிப்பின் விதிநூல் ஆய்வு, உரையாடல், சண்டை மூன்றும் விளையாட்டின் தூண்கள் என்கிறது. உங்கள் புத்தகத்தில் ஒரு தூண் மட்டும் கோபுர உயரம், மற்ற இரண்டும் முளைக்குச்சி.

பிளேயர்கள் அங்கே போகவேண்டிய காரணத்தையாவது கொடுக்கிறீர்களா என்றால், ஊர்த் தலைவர் கெஞ்சுகிறார், ஆளுக்கு 50 தங்கக் காசு. எங்கள் திருடன் கதாபாத்திரம் அதைவிட அதிகமாக அவர் வீட்டிலேயே எடுத்துவிடுவான். "நான் ஏன் போகணும்?" என்று அவன் கேட்டால் புத்தகத்தில் பதில் இல்லை. முக்காடு போட்ட அந்நியர் சத்திரத்து மூலையில் உட்கார்ந்திருப்பது மட்டும் தவறாமல் இருக்கிறது. அவருக்கு வேறு வேலையே கிடையாது போலும்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். வரைபடங்களும் ஓவியங்களும் அருமை, அதில் குறையே இல்லை. அடுத்த புத்தகத்தில் பீப்பாய்க் கணக்கைக் குறைத்தாலும் பரவாயில்லை, யாருக்கு என்ன வேண்டும் என்ற அந்த ஒரு வரியைத் தாருங்கள். முக்கியமான தடயத்தைப் பிணத்தின் பையில் மட்டும் வைக்காமல் இன்னொரு வழியிலும் கிடைக்கும்படி செய்யுங்கள். ஏற்கெனவே விற்ற புத்தகங்களுக்கு ஒரு திருத்தப் பக்கம் வெளியிட்டால், நானே அச்செடுத்து உள்ளே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு டன்ஜன் மாஸ்டர்