அக்காவுக்குப் போடப்போகும் ஊசி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மாடியில் ஓடு மாற்றும் வேலையும் ஒருவழியாக முடிந்தது.

அக்காவுக்குச் சரவாங்கிதான், அதாவது முடக்குவாதம்தான், என்று உறுதியானது மனதை என்னவோ செய்கிறது. காலையில் ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட விரல் மடங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். எத்தனை பேருக்கு முறுக்கு சுற்றிய கை அது!

ஊசி போடுவதற்கு முன்னால் டி.பி. பரிசோதனை எதற்கு, நம் வீட்டில் யாருக்கும் அது கிடையாதே என்று அக்கா கோபப்படுகிறார்கள் என்றாயே. டாக்டர் சொல்வது சரிதான். நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்ற சின்னப் புரதங்களை விட்டுத்தான் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. அதில் ஒன்று டி.என்.எஃப். கிருமி புகுந்தால் ஆள் திரட்டுவது அதன் வேலை. சரவாங்கியில் மூட்டுச் சவ்வுக்குள் கிருமியே இல்லாமல் அந்தக் கூப்பாடு ஓயாமல் நடக்கிறது. சவ்வு தடித்துப் போய் எலும்பையே அரிக்கிறது. அக்காவுக்குப் போடப்போகும் ஊசி இந்த டி.என்.எஃப்பைத் தடுப்பதற்குத்தான்.

மூட்டுக்குள் இப்படிப் பல சைட்டோகைன்கள் இருக்க, ஒன்றை மட்டும் தடுத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் முன்பு பலரும் நினைத்தார்கள். லண்டனில் மார்க் ஃபெல்ட்மேன், ரவீந்தர் மைனி குழுவினர் நோயாளிகளின் மூட்டுத் திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, டி.என்.எஃப்பை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். இன்டர்லூகின்-1 என்ற இன்னொரு சைட்டோகைனும் கூடவே அடங்கியது. அந்தத் தைரியத்தில்தான் 1992-இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் டி.என்.எஃப்பைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்கே போட்டுப் பார்த்தார்கள். வலியும் வீக்கமும் சீக்கிரமே இறங்கின. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. அதனால் ஒரு ஊசியோடு முடியும் என்று அக்கா நினைத்துவிட வேண்டாம்.

இப்போது டி.பி. விஷயம். நம் ஊரில் எத்தனையோ பேர் உடம்பில் அந்தக் கிருமி நோயைத் தராமல் அடங்கிக் கிடக்கிறது. அதை அணுக்கள் சூழ்ந்து அடைத்து வைத்திருக்கின்றன. அந்த அடைப்பு குலையாமல் இருக்க இதே டி.என்.எஃப் வேண்டும்! ஊசி அதைத் தடுத்தால் கிருமி கிளம்பிவிடலாம். டி.என்.எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தைப் போட்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். முதலில் அதற்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அப்புறம் ஊசியைத் தொடங்குவார்கள்.

இன்னொன்று, சரவாங்கிக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன கிழமையைக் காலண்டரில் நீயே வட்டம் போட்டு வை. ரிப்போர்ட் வந்ததும் எழுது.

அன்புடன்,
சண்முகம்