ஆற்றங்கரைப் பாதையை நடப்பவர்களுக்கு விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் எங்கள் ஊரான கனகராயன்குளத்தில் காலை நடை நடப்பவர்களின் தொகை கூடிவிடுகிறது. நீரிழிவுக் கிளினிக்குக்குப் போய்வருபவர்களிடம் கிழமைக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். நாங்களும் தவறாமல் நடக்கிறோம். ஆனால், எங்கே நடக்கிறோம் என்பதைத்தான் பொறுப்பில் உள்ளவர்கள் ஒரு நாளாவது வந்து பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து இரவு புறப்பட்ட பேருந்துகள் யாழ்ப்பாணத்தை நோக்கி விரைந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனிமூட்டத்தினுள், கண்டி வீதியின் ஓரமாக, முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக ரோச் வெளிச்சத்துடன் போகிறார்கள். இதே ஊரில், கனகராயன் ஆற்றின் கரையோடு, முன்பு மாட்டுவண்டில்கள் போய்வந்த தடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சேமமடுப் பக்கத்தில் தோன்றி வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிறைத்து, அங்கிருந்து சுண்டிக்குளக் கடனீரேரியைச் சென்றடையும் இந்த ஆறு, ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணலாகவே கிடக்கும். சித்திரையில் வருபவர் ஆறு எங்கே என்று எங்களிடமே கேட்பார். மாரி மழையில் குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து, வெள்ளத்தின் கலங்கல் அடங்கிய பிறகு, மார்கழி நடுப்பகுதி தொடக்கம் மாசி வரையில்தான் மணலின் மேல் முழங்காலளவு தெளிந்த நீர் ஓடும். ஒரு புறம் கதிர் பிடிக்கும் காலபோக வயல், மறு புறம் ஆறு, இரண்டுக்கும் நடுவில் அந்தத் தடம். குளிர் என்றாலும் வெப்பமானி 20 பாகை செல்சியசை அண்டித்தான் நிற்கும். ஆயினும் தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று எங்கள் மூத்தவர்கள் சொன்னது வயலில் காவற்கொட்டிலுக்குள் இரவைக் கழித்தவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

கரை நெடுகிலும் நிற்பவை மருதமரங்கள். வெளிறிய பட்டையோடு, நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அளவில், வேர்களை நீருக்குள் இறக்கி அவை நிற்கின்றன. அவற்றின் அடியிலே உதிர்ந்து நனைந்துகிடக்கும் சருகுக்குள், மார்கழிக் காலையில் ஒரு சிறு பறவை தத்தித்தத்தி இரை கிளறும். முதுகு பச்சை, வயிற்றடி சிவப்பு, வால் கட்டை. அதுதான் ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரண்டு சீழ்க்கையாகக் கூவுவதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நிலத்தில் இரை தேடும் பறவையாதலால், மரமும் சருகும் இல்லாத கரையில் அது இறங்காது. பூநாரைகளைப் பார்ப்பதற்குச் சுண்டிக்குளத்துக்கு வாகனம் பிடித்துப் போகிறார்கள். அந்த இடம் 2015 இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டுவிட்டது. அதே ஆற்றின் மேற்பகுதியில் எங்கள் காலடியில் வந்து நிற்கும் இந்தக் குருவியின் இடத்துக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை.

2009 இற்குப் பின்னர் நாங்கள் மீளக்குடியேறியபோது அந்தத் தடம் பற்றை மூடிக் கிடந்தது. கண்ணிவெடி அகற்றுவோர், அவர்களிற் பலர் எங்கள் வன்னியின் பெண்கள், வெயிலில் முழந்தாளிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவித்தான் இப்பகுதியில் நிலங்களை எங்களிடம் திருப்பித் தந்தார்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் பிடுங்கப்பட்ட பிறகே ஆற்றங்கரையில் கால் வைத்தோம். அவ்வளவு பாடுபட்டு மீட்ட நிலத்தை இன்று மணல் டிப்பர்கள் கிழித்துப்போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

சென்ற ஆண்டு தை மாதத்தில், ஓரிடத்தில் டிப்பர் இறங்குவதற்காகக் கரையையே சரித்து வெட்டியிருந்தார்கள். சில்லுத் தடத்தில் முழங்காலளவு பள்ளம். பக்கத்தில் நின்ற மருதின் வேர்கள் ஒரு புறம் முழுவதும் வெளியே தெரிந்தன. அயலவர் இருவரோடு முறைப்பாடு எழுதிக்கொண்டு போனேன். ஓர் அலுவலகத்தில் மணல் தங்கள் பொறுப்பன்று என்றார்கள். அடுத்த அலுவலகத்தில் கரைநிலம் தங்கள் பொறுப்பன்று என்றார்கள். கார்த்திகை வெள்ளத்தில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. ஆற்றுமணல் மாரிநீரைத் தன்னுள் பிடித்துவைத்துக் கோடையில் எங்கள் கிணறுகளுக்கு ஊட்டுவது. அதை அள்ள அள்ள ஆற்றின் படுக்கை தாழ்கிறது, அதோடு கிணற்று நீரும் கீழிறங்குகிறது. வேரால் பிடித்துவைக்க மரமில்லாத வளைவில் அடுத்த வெள்ளம் கரையை அரித்து வயலுக்குள் புகுகிறது. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் தவித்ததைக் கண்ட பிறகும், ஒரு கரையின் பெறுமதியை எவருக்காவது எடுத்துச்சொல்ல வேண்டியிருப்பது வேதனையாக இருக்கிறது.

நடைபாதை வேண்டும் என்று கேட்டால் சீமெந்துக் கல் பதித்து, மின்கம்பம் நட்டு, வளைவு கட்டிப் பெயர்ப்பலகை திறந்துவைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் எனக்கு உண்டு. தயவுசெய்து அவற்றைச் செய்ய வேண்டாம். யானைகள் இந்த ஆற்றுக்குத் தண்ணீருக்கு வருகின்றன. நிலம் வெளுத்த பிறகுதான் நாங்கள் இறங்குவோம். ஆவி பறக்கும் புதிய இலத்தியையோ பால் வடியும் முறிந்த கொப்பையோ கண்டால் சத்தமின்றித் திரும்பிவிடுவோம். இரவில் வெளிச்சம் போட்டு அந்த ஒழுங்கைக் குலைத்தால், நடப்பவர்களுக்கும் கேடு, யானைகளுக்கும் கேடு. எங்களுக்கு வேண்டியது மண்பாதைதான். ஆற்று ஒதுக்கீட்டின், அதாவது கரையோரமாக ஆற்றுக்கென விடப்பட்ட நிலத்தின், எல்லையை அளந்து கல் நட வேண்டும். வேலியடைத்து உள்ளே இழுத்துக்கொண்டவர்கள் அதை விட வேண்டும். அனுமதிப்பத்திரம் உள்ளதோ இல்லாததோ எந்த மணல் வாகனமும் அந்தத் தடத்தில் ஏறாதபடி இரு முனைகளிலும் தடை போட வேண்டும். விழுந்த மருதுகளின் இடத்தில் மருதங்கன்றுகளையே நட வேண்டும்.

பிரதேச சபையும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் நில அளவையாளர்களும் ஒன்றாக வந்தால் ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிக்கக்கூடிய வேலை இது. மாசி கழிவதற்குள், நீர் தெளிந்து ஓடும்போதே வந்தால் நல்லது. கரை எங்கெங்கே அரிக்கப்படுகிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். பழைய வண்டில் தடம் எந்த மரத்தைச் சுற்றிப் போனது, எந்த இடத்தில் ஆற்றைக் கடந்தது என்பதைக் காட்டுவதற்கு, சிறுவயதில் அதே வழியாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கனகராயன்குளம்.