டிக்கெட் வசூலைப் பார்த்துப் பாறை ஓவியத்தைக் கைவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரி என்றாலே ஊட்டி ஏரியும் மலர்க் கண்காட்சியும்தான் என்று ஆகிவிட்டது. கோத்தகிரிப் பக்கம் வருகிறவர்களும் கோடநாடு காட்சிமுனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, டீத்தூள் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இந்தப் பக்கம் என்னென்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில் பெத்தக்கல் பங்களா இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து கட்டியது. ஊட்டி நகரம் அதற்கு அப்புறம்தான் வந்தது. இடிந்து கிடந்த அந்தக் கட்டடத்தை மாவட்ட நிர்வாகம் எடுத்துச் சீர்செய்ததால்தான் இன்றைக்கு அது நினைவகமாக நிற்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஆனால் 2024-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த காடு. கீழே உள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் தருவதும் அதுதான். வெள்ளரிக்கொம்பையில் குறும்பர்கள் இன்றும் இயற்கைச் சாயங்களில் ஓவியம் தீட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ்கோத்தகிரியைத் தாண்டி கரிக்கையூர் காட்டுக்குள் இருக்கிறது பொறிவரை என்கிற பழங்கால ஓவியப் பாறை.

அந்தப் பாறை முன்னால் போய் நின்றால் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழகத்தான் விலங்குகளும் மனித உருவங்களும் ஒவ்வொன்றாகப் புலப்படும். கூட்டிப் போகும் இருளர் இளைஞர் பாறையைத் தொடவே மாட்டார். தள்ளி நின்று, கையிலிருக்கும் குச்சியால் காற்றில் கோடு போட்டு, "இதோ கொம்பு, இதோ கால்" என்று காட்டுவார். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கை வரைந்த கோடு அது. அதன் மேலேயே யார் யாரோ தங்கள் பெயரை எழுதியும் கீறியும் வைத்திருக்கிறார்கள். கேட்பார் இல்லாமல் ஆட்கள் போய் வந்த காலத்தில் நடந்த அநியாயம் இது. அழிந்த ஓவியங்களை இனி எந்தத் துறையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குக் கடுமையான விதிகள் வந்தன. அப்புறம் 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசே திறந்தது. கரிக்கையூர் – பொறிவரை பாதையும் அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, வழிகாட்டிகளும் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள். நான் மனதாரப் பாராட்டும் ஏற்பாடு இது.

ஆனால் எந்த அரசுத் திட்டமும் இரண்டு மூன்று வருஷம் போனதும் 'வசூல் எவ்வளவு' என்ற கேள்வியில் வந்து நிற்கும். என் பயமெல்லாம் அதுதான். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை காட்டுத்தீ காலம் என்று பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடத்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் எப்படிக் கொட்டும் என்பது 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்த மழையில் யாரையும் காட்டுக்குள் அனுப்பக் கூடாது. மிச்சமிருக்கும் மாதங்களிலும் கூட்டம் சேர்ந்தால் பாறைக்கே ஆபத்து. ஆட்களைக் குறைவாக விட்டால்தான் பிழைக்கும் ஓர் இடத்தை, ஆட்கள் குறைவாக வருகிறார்கள் என்று சொல்லிக் கைவிட்டால் எந்த ஊர் நியாயம்?

தரங்கம்பாடியைப் பாருங்கள். மாசிலாமணிநாதர் கோயிலில் ஒரு பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதே கரையில் டேனியர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டையை மாநிலத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. நுழைவுச்சீட்டுக் காசு கட்டுபடியாகிறதா என்று கணக்குப் பார்த்தா பராமரிக்கிறார்கள்? கடற்கரைச் சின்னங்களுக்குக் கிடைக்கும் அந்த ஆதரவு மலைக்கும் வேண்டும். இருக்கிற கொஞ்ச ஆதரவையாவது குறைக்காமல் இருக்க வேண்டும்.

வழிகாட்டிகளுக்குப் பாதை மூடிய மாதங்களிலும் சம்பளம் கொடுங்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, பாறையைக் காவல் காப்பது என்று அவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. சம்பளம் இல்லையென்றால் அந்தப் பையன்கள் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுவார்கள். காடு தெரிந்த இன்னொருவரை விளம்பரம் கொடுத்துப் பிடிக்க முடியாது. தொல்லியல் துறை வந்து, மிஞ்சியிருக்கும் ஓவியம் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அளந்து ஆவணப்படுத்த வேண்டும். இது அவசரம். பெத்தக்கல் பங்களாவின் ஓட்டுக்கும் சுவருக்கும் வருஷா வருஷம் செலவு இருக்கும், அதையும் ஒதுக்கியாக வேண்டும். பணம் வருகிறதே என்று காட்டுக்குள் கான்கிரீட் படியும் செல்ஃபி மேடையும் கட்டிவிடாதீர்கள் என்று சேர்த்தே கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று. நீலகிரி அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பொறிவரையைப் பார்த்தவர்கள் மிகவும் குறைவு. கட்டணம் கொடுத்துப் போக அவர்கள் வீட்டில் வசதி இல்லை. சின்னச் சின்னக் குழுவாக அவர்களை இலவசமாகக் கூட்டிப் போக வேண்டும்.

வனத்துறை, சுற்றுலாத் துறை, தொல்லியல் துறை மூன்றும் ஒன்றையொன்று கைகாட்டாமல் சேர்ந்து உட்கார்ந்து, கோத்தகிரிப் பக்கத்துக்கென்று பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு கேட்க வேண்டும். எங்கள் சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் இதை அவையில் எழுப்ப வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்