ஒரே மருந்து, இரண்டு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஆடி மாதத்தில் ஓர் இரவு, சிறுநீர் கழிக்க எழுந்த என் தாயார் (வயது 78) கழிவறை வாசலில் தலைசுற்றி விழுந்தார். எலும்பு முறியவில்லை. வழுக்கி விழுந்ததாகவே நாங்கள் எண்ணினோம். மூன்றாம் நாள் நாங்கள் பார்த்த முதியோர் நல மருத்துவர், வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தையும், கடையில் நாமே கேட்டு வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். பையில் 11 வகை இருந்தன. ஐந்தோ அதற்கு மேலோ சேர்ந்தாலே கவனம் தேவை என்பது மருத்துவ உலகின் பொதுவான கணக்கு.

குடும்ப மருத்துவர் பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்து வந்தார். பின்னர் பார்த்த இதய மருத்துவர் டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்த கலவை மாத்திரையை எழுதினார். அட்டையில் வணிகப் பெயருக்குப் பின்னால் இருந்த 'ஏ.எம்.' என்ற இரண்டு எழுத்துகள் அம்லோடிபினைக் குறிப்பவை என்று எங்களுக்குத் தெரியாததால், பழையதையும் நிறுத்தாமல் கொடுத்து வந்தோம். அளவு இரட்டிப்பானது, கணுக்கால் வீங்கியது. வீக்கத்தைப் பார்த்த மூன்றாவது மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். அம்லோடிபினால் வரும் வீக்கம், நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசிவதால் வருவது. உடலில் நீர் மிகுந்து வருவதன்று. ஆகவே வீக்கம் பெரிதாக வடியவில்லை. மாறாக, பொட்டாசியம் குறைந்து கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வந்தது, இரவுத் தூக்கம் கெட்டது, அதற்கு அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை சேர்ந்தது. தூக்க மாத்திரையின் மயக்கத்தோடு, எழுந்து நிற்கையில் அழுத்தமும் இறங்கினால் எழுபத்தெட்டு வயதுக் கால்கள் என்ன செய்யும்?

தனித்தனியே பார்த்தால் மூவரில் யாரும் தவறாக எழுதவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மூவரின் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எவரும் இல்லை என்பதே குறை. நாங்களும் பார்க்கவில்லை, மருத்துவரிடம் வேறு மருத்துவரின் பெயரைச் சொல்ல நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு.

வயதாகும்போது சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. உடலில் நீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் சில தூக்க மருந்துகள் நெடுநேரம் தங்குகின்றன. சளிக்கென்று கடையில் வாங்கும் குளோர்பெனிரமின்கூட முதியவர்களுக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றைத் தரலாம். முதியோருக்கு இயன்றவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-லேயே பட்டியலிட்டார். அது இன்றும் திருத்தப்பட்டு வருகிறது. மூட்டுவலிக்கு நம் வீடுகளில் தாராளமாக விழுங்கப்படும் வலி மாத்திரைகளும், சர்க்கரையை நீண்ட நேரம் தாழ்த்திவிடக்கூடிய கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மாத்திரையும் அதில் இடம்பெற்றவை.

தாயாரின் 11 இப்போது 6 ஆகியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் வேறு தொல்லைகள் வரும் என்பதால், மருத்துவரே அதைப் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தார்.

வணிகப் பெயரல்லாத, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதித்தது. அதனோடு, எதற்காக அந்த மருந்து என்பதைத் தமிழில் ஒரு சொல்லாவது எழுதினால், 'அழுத்தம்' என்று இரண்டு அட்டைகளுக்கு நேரே இருப்பதை நானே கண்டிருப்பேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை தரும் தன்னார்வலர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டு முதியவரின் மாத்திரைப் பை முழுவதையும் குறித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டும்படி செய்ய இயலுமா என்பதை மக்கள் நல்வாழ்வுத் துறை பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்.