தேக்கு பட்டுப்போகவில்லை, புழு தின்றிருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரியங்காவிலிருந்து தென்மலை போகும் வழியில் தேக்கு மரங்கள் மொட்டையாக நிற்பதை மர்ம நோய் என்றும், உடனே மருந்து அடிக்காவிட்டால் மரம் பட்டுப்போகும் என்றும் உங்கள் நாளிதழில் போட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. அது புழு தின்ற வேலை. தேக்குக் காட்டு ஓரத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன், கோடை மழை விழுந்து தளிர் வந்ததும் இந்தப் புழுவும் வந்துவிடும்.

தாய்ப்பூச்சி சின்னதுதான். மேல் இறக்கையை மூடி உட்கார்ந்தால் சருகு மாதிரி இருக்கும், பறக்கும்போதுதான் உள் இறக்கையின் கறுப்பும் ஆரஞ்சும் தெரியும். பூவில் தேன் குடிக்கிற பூச்சி அது, இலையைத் தின்னாது. ஆனால் முட்டையிடத் தளிர்தான் வேண்டும், ஒரு பூச்சி 500 முட்டை போல ஒவ்வொன்றாக இட்டுவிடும். பொரிந்த புழு முதலில் இலையைச் சுரண்டும், அப்புறம் இலை ஓரத்தை வெட்டி மடித்து நூலால் ஒட்டி, அதற்குள் ஒளிந்துகொண்டு பெரிய நரம்புகளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்னும். அந்த நாட்களில் மரத்தடியில் நின்றால் வெயிலிலும் தூறல் விழுகிற சத்தம் கேட்கும், அவ்வளவும் புழுவின் எச்சம். இரண்டு வாரத்தில் நூல் விட்டு இறங்கிச் சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகிவிடும். தேக்கு மறுபடி தளிர்க்கும்.

நஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. இளந்தேக்கு பருக்க வேண்டிய அளவில் 44 சதவீதம் இந்தப் புழுவால் குறைகிறது என்று பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டிருக்கிறது. செங்கோட்டைப் பக்கம் வரப்பில் தேக்கு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் இந்தப் புழுவைக் கொல்லும் வைரஸை வைத்தே கட்டுப்படுத்தும் வழியையும் அதே நிலையம்தான் ஆராய்ந்திருக்கிறது. அதை எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக மருந்து அடிக்கச் சொன்னால் கையில் கிடைத்ததை வாங்கி அடிப்பார்கள். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து தெளித்தது 2000-ல் நின்றது, அந்த ஊர்ப் பிள்ளைகளின் கஷ்டம் இன்னும் நிற்கவில்லை. எங்கள் காட்டில் பெய்கிற மழை கழுதுருட்டி ஆற்றில்தான் வந்து சேர்கிறது, அதில்தான் குளிக்கிறோம், மாட்டைக் கழுவுகிறோம். தயவுசெய்து அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், மழைக்காலம் முடிவதற்குள் போட்டால் நல்லது.

— ஒரு வாசகர், ஆரியங்காவு